அப்போதே பதிந்திருக்க வேண்டும்

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாம் ஆண்டு வகுப்பறை வாசலில் நின்றுகொண்டு ஒரு தாயிடம் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அது 2018. பன்னிரண்டு வயது நிறையும் பிள்ளைகள் மைகார்ட் என்னும் மலேசிய அடையாள அட்டையை எடுத்துவிட்டார்களா என்று பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்காத பிள்ளை ஒருத்திதான். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்னும் கட்டத்தில் ‘குடிமகள் அல்லர்’ என்று மலாயில் அச்சாகியிருந்தது. அவள் பிறந்தது எங்கள் மாவட்டத்து அரசாங்க மருத்துவமனையில். தகப்பன் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை, அதாவது நீல ஐசி, வைத்திருப்பவர். விசாரிப்பதற்காகத் தாயை வரச் சொன்னேன். வேலை முடிந்து, செம்பனைப் பழச் சாறு படிந்த சட்டையோடு அவள் வந்தாள். தனக்கே அடையாள அட்டை இல்லை என்றும், தன் பிறப்பைப் பதியவே இல்லை என்றும் சொன்னாள். “உங்கம்மா அப்பவே பதிஞ்சிருக்கணும்மா” என்றேன். கடிந்து சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாக்கியத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணியின், அதாவது அலுவலக எழுத்தரின், மகள். எங்கள் வீடு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நூறு கெஜம் தள்ளி மேட்டில் இருந்தது. பலகைச் சுவரும், சொந்தக் குழாயும், முன்பக்கம் செம்பருத்தி வேலியும் கொண்ட வீடு. லயத்துப் பிள்ளைகளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருவேன். பள்ளி விட்டபின் லயத்துக்குப் போய் விளையாட அனுமதியில்லை. எங்கள் வீட்டில் தாள்களுக்கென்றே ஒரு தகரப் பெட்டி உண்டு. நான் பிறந்த நான்காம் நாளே அப்பா மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்ததை அம்மா பெருமையாகச் சொல்வார். பொறுப்புள்ளவர்கள் பதிவார்கள், பொறுப்பில்லாதவர்கள் பதியமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நான் கற்றுக்கொண்ட பாடம். பிற்காலத்தில் ஆசிரியையாகி, மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதி சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்வதைப் படித்தபோது, அந்தப் பழைய பாடத்துக்கு ஒரு கண்ணியமான சட்டத் துணையும் கிடைத்துவிட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, எங்கள் அப்பா போகவில்லையா, அவர்களும் போயிருக்கலாமே என்று நான் பல ஆண்டுகள் உண்மையாகவே நம்பினேன்.

8ஆவது விதியின் இரண்டாம் பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2001இல் அந்த வரிசையில் பாலினமும் சேர்ந்தது. அரசியலமைப்பே அனுமதிக்கும் விலக்குகள் அதற்கு உண்டு என்பது நாம் எல்லோரும் அறிந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. என் மாணவியின் குடும்பத்துக்கு நேர்ந்ததை அந்த வரிசையிலுள்ள எந்தச் சொல்லின் கீழும் வைக்க முடியவில்லை. யாரும் அவர்களை இனத்தின் பெயரால் திருப்பி அனுப்பவில்லை. பதிவு இலாகா முகப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எல்லோரிடமும் கேட்கும் ஆவணத்தைத்தான் கேட்டார். எல்லோரிடமும் ஒன்றையே கேட்பது சமத்துவம் என்றால், மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் பிறந்து வாழும் ஒரு குடும்பம் எப்படி அந்நியமாயிற்று?

தாள் எங்கிருந்து வந்தது

அடையாள அட்டையின் வரலாற்றில் எங்கள் ஊருக்கு ஒரு பங்குண்டு என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்தே மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அந்த அவசரகால ஒழுங்குமுறைகளின் கீழ்தான் பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு அட்டை வைத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் வந்தது. ஆகவே அட்டை முதன்முதலில் தோட்டத்துக்குள் வந்தது உரிமையாக அன்று, சோதனையாக. சாலைத் தடுப்பில் காட்ட வேண்டிய பொருள், இல்லாவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று பயந்து வைத்திருந்த பொருள். அரசாங்கத் தாள் என்றாலே கொஞ்சம் விலகி நிற்கும் பழக்கம் லயத்துப் பெரியவர்களிடம் இருந்ததை அறியாமை என்று நான் எண்ணியிருந்தேன். அதன் அடியில் ஓர் அனுபவம் இருந்திருக்கிறது.

அந்தப் பிள்ளையின் பாட்டி 1950இல் அதே தோட்டத்தில் பிறந்தவர். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றபோது அவருக்கு ஏழு வயது. சுதந்திர நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள், பிறப்பினாலேயே குடிமக்கள். அதற்கு முன்பு பிறந்தவர்கள் 16ஆவது விதியின்படி விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளலாம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், ஓரளவு மலாய் பேச வேண்டும். முதல் ஓராண்டுக்கு மொழித்தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஓராண்டில் பட்டணத்திலும் பல தோட்டங்களிலும் மும்முரமாக விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் தாத்தா அப்போதுதான் குடியுரிமை பெற்றார். விவரம் தெரிந்தவர்கள் இருந்த வீடுகளுக்கு அந்த ஓராண்டு ஒரு வாசல். விவரம் போய்ச் சேராத வீடுகளுக்கு அது மற்ற ஆண்டுகளைப் போலப் பால்வெட்டிலேயே கழிந்தது. அந்தப் பாட்டிக்குச் சிவப்பு ஐசிதான் கிடைத்தது, அதாவது நிரந்தரவாசி. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தால்தான் பால்மரத்தைத் தொடலாம் என்றானது. பிறந்த தோட்டத்திலேயே ரப்பர் பால் வெட்ட அனுமதிச் சீட்டு வாங்கிய பெண் அவர். பெர்மிட் மறுக்கப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறியதை எங்கள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் சிநேகிதி ஒருவர் தன் தையல் மிஷினை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பவேயில்லை.

பாட்டிக்கு மூன்று பிள்ளைகள். மூத்த இருவரும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். டிரெஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுபோய்ப் பதிந்தாயிற்று. தாய் நிரந்தரவாசி என்பதால் அவர்கள் சட்டப்படி குடிமக்கள். இருவருக்கும் நீல ஐசி இருக்கிறது. மூன்றாவது பெண் 1981இல் லயத்து வீட்டிலேயே மருத்துவச்சியின் கையில் பிறந்தாள். அவளை மட்டும் பதியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களில் இருவர் குடிமக்கள், ஒருத்தி யாருமில்லாதவள். அவள்தான் அன்று என் வகுப்பறை வாசலில் நின்ற தாய்.

இதிலே சட்டத்தின் நுட்பம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் இறுகியது. 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு கோயிலில் தாலி கட்டினால் அது செல்லுபடியாகும் திருமணம். அந்தத் தேதிக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் அச்சட்டப்படி மணம் முடித்துப் பதிவு செய்தால்தான் திருமணம். பலதார மணத்தை நிறுத்தி, கைவிடப்பட்ட பெண்களுக்கு வழக்காடும் உரிமை தந்த சட்டம் அது. அதை நான் மதிக்கிறேன், என் அத்தை ஒருவரே அதனால் காப்பாற்றப்பட்டவர். ஆனால் அடையாள அட்டை இல்லாத பெண் எப்படிப் பதிவாள்? 2003இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊரறிய அவளுக்குக் கல்யாணம் நடந்தது. சட்டத்தின் கணக்கில் நடக்கவில்லை. மணமாகாத தாயின் பிள்ளைக்குக் குடியுரிமை தாய்வழியாகத்தான் வரும் என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. ஆகவே 2006இல் பெண் பிறந்தபோது, தகப்பனின் நீல ஐசியால் ஒரு பயனும் இல்லை. தாயிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் நின்று பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. பாட்டி நிரந்தரவாசி என்பதால் தாய் பிறக்கும்போதே குடிமகள். தாய் குடிமகள் என்பதால் மகளும் குடிமகள். சட்டம் அவர்கள் இருவரையும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதை மெய்ப்பிக்கும் 1981ஆம் ஆண்டின் ஒரு தாள் மட்டும் இல்லை.

மழை பெய்த இரவு

நான் 2023இல் விருப்ப ஓய்வு பெற்றேன். பட்டணத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. சென்ற ஆண்டு அந்தத் தாய் மறுபடியும் வந்தாள். மகளுக்கு 17 வயதானபோது, 21 வயதுக்குட்பட்டவர்களைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் 15ஏ விதியின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார்கள், பதில் இல்லை. இப்போது தாயின் பிறப்பையே காலதாமதப் பதிவாகப் பதிய முயலலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறந்த இடம், நாள், உடனிருந்தவர்கள், சாட்சி வேண்டும். நான் பாரங்களை எடுத்துக்கொண்டு பாட்டி இருக்கும் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன்.

பாட்டி தன் தாள்களையெல்லாம் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். சிவப்பு ஐசியின் நகல், சேமநிதி வாரியக் கணக்கு, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை, 90களில் தோட்டம் கைமாறியபோது வேலைநீக்கப் பணம் கணக்கிட்டுக் கொடுத்த தாள். அந்தத் தாளைப் பார்த்து வியந்து போனேன். 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க ஒழுங்குமுறைகள், ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்று விதித்திருந்ததால், அவர் எந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தார், எத்தனை ஆண்டு எத்தனை மாதம் உழைத்தார் என்பது துல்லியமாக அங்கே இருந்தது. சட்டம் கேட்டதால் எழுதினார்கள். அவர் பால் வெட்டிய மரத்துக்கெல்லாம் பதிவு இருந்தது. பெற்ற பிள்ளைக்கு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி இடிந்துவிட்டது. மருத்துவச்சி 2010இல் காலமானார். லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை இரண்டாம் முறையாக நட்டு வளர்ந்துவிட்டது.

“2011ல பத்திரம் இல்லாதவங்களைப் பதிய மைடஃப்தார்னு முகாம் போட்டாங்களே, போகலையா அக்கா?” என்று கேட்டேன். போனார்களாம். பொறந்தப்ப பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார்களாம். மருத்துவச்சி போன வருடம்தான் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். சரி, அன்று இரவு வேறு யார் இருந்தார்கள், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. பாட்டி என்னை ஒருமாதிரி பார்த்தார். தீபாவளி கழிந்து நாலைந்து நாள் இருக்கும், பேய் மழை, பத்து மணிக்கு மின்னாக்கியை நிறுத்திவிட்டார்கள், லயமே இருட்டு, மருத்துவச்சி விளக்கில்லாமல் கையை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், “கிராணி வீட்டுலேர்ந்துதான் விளக்கு வந்துச்சு. நீதானம்மா தூக்கிக்கிட்டு வந்த” என்றார்.

எனக்கு அப்போது 14 வயது. விளக்கு எனக்கு நினைவில் இருந்தது, அதுதான் விசித்திரம். அரிக்கன் விளக்கின் கம்பி பிடி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என் முன்னால் ஓடிய ஆள், வழுக்கிய செம்மண் படி, வீட்டுக்குள் வராதே பாப்பா என்று வாசலிலேயே விளக்கை வாங்கிக்கொண்ட கை, பிறகு திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தபோது உள்ளே கேட்ட குழந்தையின் முதல் அழுகை எல்லாமே எனக்குள் இருந்தன. லயத்துக்குள் இரவில் போக எனக்கு அனுமதி கிடைத்த ஒரே நாள் என்பதால் மறக்கவில்லை. ஆனால் அந்த அழுகைக்கு ஒரு முகம் உண்டு, அது வளர்ந்து பெரியவளாகி என் வகுப்பறை வாசலில் வந்து நின்றது என்று ஒரு நாளும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. மறுவாரம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அவளுக்குப் பிரசவப் பணம் கணக்குப் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பிரசவ விடுப்புக்கு ஊதியம் கொடுக்கச் சொல்லியிருந்ததால், தொழிலாளர் வேலைப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பிறப்பை அப்பா தம் கையால் குறித்திருப்பார். தோட்டத்து அலுவலகத்துக்கு அவள் பிறந்தது தெரியும். எங்கள் வீட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

அன்று அந்த வீட்டை விட்டு இறங்கியபோது படிக்கட்டில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறப்பைத் தெரிவிக்கும் கடமை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. பிறப்பின்போது உடனிருந்தவர்களும் தெரிவிக்கத் தக்கவர்களே என்று 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. இதை நான் முன்பே படித்திருக்கிறேன். படித்தபோது அது மருத்துவச்சியைப் பற்றிய வரி என்றுதான் எண்ணினேன். அப்பா ஒவ்வொரு வாரமும் அலுவலக வேலையாகப் பட்டணத்துக்குப் போனவர். லயத்துப் பெண்ணோ பட்டணத்துக்குப் போக ஒரு நாள் பெரட்டை, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பை, விட வேண்டும், ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், பேறுகால உடம்போடு பன்னிரண்டு மைல் போக வேண்டும். அந்த மழை மாதத்தில் அவர் கணவர் காய்ச்சலில் படுத்திருந்தாராம். நாள் கடந்துவிட்டது; கடந்தபின் போனால் அபராதம் போடுவார்கள், சிவப்பு ஐசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்பா கெட்டவரல்லர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார். கேட்கும் தூரத்தில் லயம் இல்லை. எங்கள் வீடு மேட்டில் இருந்தது.

எல்லோருக்கும் ஒரே விதி

ஆதாரம் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பொய்ச் சான்றுகளால் குடியுரிமை விலைபோகும் நாட்டில் யாருக்கும் பாதுகாப்பிருக்காது. ஆனால் ஆதாரத்தை யார் தேட வேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. அநீதி நுழைவதும் அந்தத் தீர்மானத்தின் வழியாகத்தான். ஆதாரங்களை உண்டாக்கி வைத்திருந்தது தோட்ட நிர்வாகம். செக்ரோல், ஆஸ்பத்திரிப் புத்தகம், லயத்து வீட்டுப் பட்டியல் எல்லாம் அவர்கள் கையில். தோட்டம் விற்கப்பட்டபோது அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, எழுத்தறியாத ஒரு பெண்ணிடம் அதே ஆதாரத்தைக் கேட்கிறோம். விதி ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு அது நான்கு நாளில் முடிகிற வேலை, அவர்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறைச் சுமை.

நம் அரசியலமைப்புக்கே இந்த இடத்தில் இரக்கம் தெரியும் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. எங்காவது கைவிடப்பட்டுக் கிடக்கும் பச்சிளங்குழந்தையை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அங்கேயே நிரந்தரமாக வாழும் ஒரு தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ள வேண்டும் என்று இரண்டாவது அட்டவணையின் 19பி பிரிவு சொல்கிறது. 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் யாரென்றே தெரியாத ஒரு குழந்தையின் வழக்கில் இந்தப் பிரிவைக் குழந்தையின் பக்கம் நின்று பொருள்கொண்டது. அங்கே மெய்ப்பிக்கும் சுமை குழந்தையின் தலையில் இல்லை. இதைப் படித்துவிட்டு அந்தத் தாயை எண்ணிப் பார்க்கிறேன். தாய் யாரென்றே தெரியாதிருந்தால் சட்டம் அவளுக்காக ஊகித்திருக்கும். தாய் பிஸ்கட் டின்னோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. மூடப்பட்ட தோட்டங்களில் பிறந்தவர்களுக்கும் இதைப் போன்ற ஓர் ஊகத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தால் என்ன? உடன்பிறந்தவர்களின் நீல ஐசி, தாயின் பணிப்பதிவு, அயலார் சத்தியப் பிரமாணம் ஆகியவை ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வது, சந்தேகமிருந்தால் மறுக்கும் பொறுப்பை அரசு சுமப்பது என்று வைத்தால் யாருக்கு என்ன இழப்பு? 2024இல் மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்குத் தகப்பன்மாரோடு சமவுரிமை தந்தது, வரவேற்கிறேன். அதே திருத்தம் 15ஏ விதியின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இந்த விதியைப் பற்றிக் கேள்விப்படுவதே பெரும்பாலும் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று முடித்து வேலை தேடப் போகும்போதுதான். மூன்று ஆண்டு என்பது அவர்களுக்குச் சின்னக் காலமில்லை.

சட்டத்தால் மனம் மாறுமா, சமூகம்தானே மாற வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளியே சட்டத்தால் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியிராவிட்டால், துரைமார்கள் மனம் மாறும் வரை காத்திருந்த எங்கள் பாட்டன்மார் கையெழுத்துப் போடாமலே செத்திருப்பார்கள். அந்தப் பள்ளிகள் ஒழுகின, ஒரே அறையில் மூன்று வகுப்பு நடந்தது, கிராணியே வாத்தியாராகவும் இருந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் இருந்தன. குறையுள்ள சட்டத்தைக்கூடப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க முடிந்தது. இல்லாத சட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது.

என் மாணவிக்கு இப்போது இருபது வயது. பட்டணத்தில் ஒரு கடையில் நாட்கூலிக்கு நிற்கிறாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். அவளுக்கு மாதம் அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. சேமநிதி இல்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வேலையிடத்தில் காட்டும் பாகுபாட்டை விசாரித்துத் தீர்க்கத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. உத்தரவை மீறினால் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். வேலை தேடி வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவு உதவாது என்று வழக்கறிஞர்கள் சொல்வது நியாயமான குறை. ஆனால் அவளுக்கு அந்தக் குறைகூட எட்டாத தூரத்தில் இருக்கிறது. புகார் கொடுக்கலாமே என்று நான் கேட்டபோது, “ஐசி நம்பர் கேப்பாங்க டீச்சர்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், அவள் அம்மாவைப் போலவே.

போன மாதம் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் என் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். 1981 தீபாவளி கழிந்த அந்த இரவில் நான் கண்டதையும் கேட்டதையும், காணாததைக் காணவில்லை என்றும், இரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிறந்த இடம் என்னும் கட்டத்தை நிரப்பும்போது எனக்கும் பாட்டிக்கும் சின்ன வாக்குவாதம். நான் ஐந்தாவது வீடு என்றேன். இல்லை, ஐந்தாவது வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஆயா இருந்தார், தன்னுடையது ஆறாவது என்று அவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன்: இரண்டாவது டிவிஷன், மூன்றாவது லயம், ஆறாவது வீடு. வரும் மாதம் 9ஆம் தேதி நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போக வேண்டும். பாட்டியும் வருவதாகச் சொல்கிறார். நான்காம் மாடியிலிருந்து அவரை இறக்குவதற்கு இரண்டு பிள்ளைகளை ஏற்பாடு செய்திருக்கிறேன்.